கன்னிப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறது. எந்த நாளில் இணை சேர்ப்பது?

சாத்தூர் மின்னி வீடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மின்னி என்று ஒரு கருங்கன்னிப் பெட்டை நாய் இருக்கிறது. கன்னி என்பது நம் பக்கத்து வேட்டைநாய்ச் சாதி. இரண்டரை வயது. முதல் இரண்டு பருவமும் சேர்க்காமல் விட்டுவிட்டோம். போன பருவத்தில் கழுகுமலையில் இருக்கும் சித்தப்பா வீட்டுக் கடுவனோடு, அதாவது ஆண் நாயோடு சேர்த்தோம். ரத்தம் பட்ட ஒன்பதாம் நாளும் பதினோராம் நாளும் விட்டால் போதும் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள், அப்படியே கூட்டிப்போனோம். ஒன்பதாம் நாள் மின்னி தரையில் உட்கார்ந்துகொண்டது, கிட்டே வந்த கடுவனைக் கடிக்கப் போனது. பதினோராம் நாள் பிடித்து நிறுத்தி ஒருவழியாக லாக் ஆனது, இரண்டும் ஒட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருக்கும்.

அப்புறம் வயிறு லேசாகப் பெருத்தது, காம்பில் பால்கூட வந்தது. ஆனால் ஸ்கேனில் குட்டி இல்லை. இரண்டு மாதம் கழித்து எல்லாம் தானாக அடங்கிவிட்டது.

இப்போது மறுபடி பருவம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிமெண்ட் தரையில் ரத்தச் சொட்டு பார்த்தேன். இந்த முறை எந்த நாளில் கூட்டிப்போவது? மின்னி மலடு, யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை பண்ணி நாள் குறிக்கலாம் என்று டவுனில் ஒருவர் சொன்னார். அது உண்மையா, வீண் செலவா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளை நாய்க்காரன், ராஜபாளையம்:

எங்கள் பக்கம் 10, 12, 14ஆம் நாள் என்று மூன்று தடவை விடுவது வழக்கம். முக்கால்வாசி சினை பிடித்துவிடும். ரத்தம் வெளுத்து, கறிக்கடையில் கறி கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்தால் சரியான நேரம் என்று எங்கள் அப்பா சொல்வார். நீங்கள் பதினொன்றோடு நிறுத்தியதுதான் காரணமாக இருக்கும். இந்தத் தடவை கூட இரண்டு நாள் தள்ளிப் பாருங்கள்.

கரிசல்காட்டுக் கன்னி, கோவில்பட்டி:

தங்கச்சி, மின்னி மலடு இல்லை. அதற்கான சாட்சியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காம்பில் பால் வந்தது என்று.

நாய்க்கு ஒரு தனி இயல்பு உண்டு. சினைமுட்டை வெளியானபின் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஏறும். சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு மாதம் அது உடம்பில் ஓடும். அது இறங்குகிற நேரத்தில் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ஏறும். அப்போது குட்டி இல்லாமலே மடி விடும், மூலையில் மண்ணைப் பறிக்கும், யாருடைய செருப்பையாவது தூக்கிப்போய் வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு உறுமும். இதைத்தான் பொய்ச்சினை என்பார்கள். முட்டையே வெளியாகாத பெட்டைக்கு இது வராது. ஆக, போன பருவத்தில் மின்னிக்கு முட்டை வந்திருக்கிறது, விந்து போன நாள்தான் பொருந்தாமல் போயிருக்க வேண்டும். பெரியவர்களிடம் இதை அப்படியே சொல்லுங்கள். பெட்டையைக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி நாள் கணக்கு. ராஜபாளையத்து அண்ணன் சொன்ன 10, 12, 14 பொய் இல்லை. பல பெட்டைகளுக்கு அது பலிக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் ரத்தம் பட்ட நாளை வைத்து எண்ணுவது எல்லாப் பெட்டைக்கும் பொருந்தாது. ரத்தம் மட்டும் பட்டு, கடுவனை அண்டவிடாத முதல் கட்டம் சராசரியாக 9 நாள். அதை 3 நாளில் முடித்துவிடுகிற பெட்டையும் உண்டு, 17 நாள் வரை இழுக்கிறதும் உண்டு. அடுத்தது கடுவனுக்கு நிற்கிற கட்டம். அதுவும் சராசரி 9 நாள்தான், ஆனால் சிலதுக்கு 3 நாளில் முடியும், சிலதுக்கு மூன்று வாரம் ஓடும். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஊருக்கெல்லாம் ஒரே நாள் குறிக்க முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நாய்க்கு முட்டை வெளியான அன்றே கரு பிடிக்காது. முதிராத முட்டையாக வெளியே வந்து, கருக்குழாயில் இரண்டு மூன்று நாள் கிடந்துதான் முதிரும். முதிர்ந்தபின் இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். நல்ல கடுவனின் விந்தணு பெட்டையின் உடம்புக்குள் 5 முதல் 7 நாள் வரை தாங்கும். முன்கூட்டிச் சேர்த்தாலும் விந்து காத்திருந்து கரு பிடிப்பதால்தான் ஊர்க் கணக்கு பலிக்கிறது. முட்டை ரொம்பத் தள்ளி வருகிற பெட்டைக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு போதாது. ஒன்பதாம் நாள் மின்னி உட்கார்ந்துகொண்டதையும் கடிக்கப் போனதையும் பார்த்தால், அது தாமதப் பெட்டை என்றுதான் எனக்குப் படுகிறது. பதினோராம் நாளும் அதுவாக நிற்கவில்லை, நீங்கள் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

இன்றிலிருந்து ஒரு வேலை செய்யுங்கள். தினமும் காலையில் மின்னியை வெளியே விடும் முன் வெள்ளைப் பஞ்சாலோ டிஷ்யூ தாளாலோ பின்பக்கம் ஒற்றி எடுத்துப் பாருங்கள். கன்னி ரொம்பச் சுத்தமான சாதி, தன்னைத்தானே நக்கித் துடைத்துவிடும், தரையில் சொட்டு தெரிவதற்குள் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கும். படுக்கிற சாக்கின்மேல் பழைய வெள்ளை வேட்டியை விரித்தால் ராத்திரிக் கறையும் தெரியும். நான் பார்த்ததை தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கிழித்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பேன். அடுத்த பருவத்துக்கு அந்தத் தாள்கள்தான் கைகொடுக்கும். பெரும்பாலும் ஒரு பெட்டை ஒவ்வொரு பருவத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும், ஆனால் மாறவும் செய்யும், அதனால் பழைய தாளை மட்டும் நம்பியும் இருக்க முடியாது.

நிறத்தைவிட முக்கியமாகத் தொட்டுப் பார்க்க வேண்டியது பிறப்புறுப்பு. முதல் கட்டத்தில் அது வீங்கிக் கெட்டியாக, விறைப்பாக இருக்கும். முட்டை வரும் காலம் நெருங்கும்போது வீக்கம் அப்படியே இருந்தாலும் தொட்டால் மெத்தென்று தளர்ந்திருக்கும், மேலே சுருக்கம் விழும். அப்போது வாலின் அடிப்பக்கத்தை விரலால் லேசாகச் சொறிந்தால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி, பின்னங்காலை ஊன்றி அசையாமல் நிற்கும். சிவப்பு வெளுப்பதும் பெரும்பாலும் அப்போதுதான், ஆனால் கடைசி வரை அடர் சிவப்பாகவே படுகிற பெட்டைகளும் உண்டு. ரத்தமே தெரியாமல் பருவம் போய்விடுவதும் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்து இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிட்டால் ஒரு பருவம் போய்விடும், அடுத்தது வர சராசரியாக 7 மாதம் ஆகும்.

ரத்தப் பரிசோதனை வீண் செலவே இல்லை. ஒரு தடவை சினை தவறிய பெட்டைக்குக் கட்டாயம் செய்யுங்கள். மனிதர்களுக்குப் பார்க்கிற லேபிலேயே புரோஜெஸ்டிரான் பார்க்கிறார்கள், நாய் ரத்தத்தைக் கால்நடை மருத்துவர் எடுத்துக் கொடுத்தால் போதும். மில்லிக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. 2 அல்லது 3க்கு வந்தால் முட்டையை விடச்சொல்லும் ஹார்மோன் கிளம்பிவிட்டது. அதிலிருந்து இரண்டு நாளில் முட்டை வெளியாகும், அப்போது அளவு 5க்கும் 8க்கும் நடுவில் இருக்கும். அதற்கு இரண்டு நாள் கழித்து முதல் சேர்க்கை, மறுபடி இரண்டு நாள் விட்டு இன்னொன்று. இவ்வளவுதான் கணக்கு. சோதனையை ஆறாம் ஏழாம் நாள் வாக்கில் தொடங்கி இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் எடுங்கள். எல்லாச் சோதனையும் ஒரே லேபில் இருக்க வேண்டும், மெஷினுக்கு மெஷின் எண் கொஞ்சம் மாறும். ஜெல் இல்லாத சாதாரணக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள், ஜெல் உள்ள குழாயில் அளவு குறைத்துக் காட்டலாம். சில லேப் ரிப்போர்ட் நானோமோலில் வரும். அதை 3.18 ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும்.

கடைசியாகக் கடுவன். சினை பிடிக்கவில்லை என்றதும் எல்லாரும் பெட்டையைத்தான் பேசுகிறார்கள், எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. சித்தப்பா வீட்டுக் கடுவன் கடந்த ஒரு வருஷத்தில் வேறு பெட்டையில் குட்டி எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அந்தக் காலத்தில் உண்ணிக் காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்திருந்தால் விந்து கெட்டிருக்கும். நமது பக்கத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் கட்டிக்கிடந்த கடுவனுக்கும் அப்படித்தான். மருத்துவரிடம் கொண்டுபோய் ஒரு துளி விந்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

நெல்லை கால்நடை மருத்துவர்:

மேலே கோவில்பட்டிக்காரர் சொன்ன நாள் கணக்கு சரி. நான் சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

சேர்க்கைக்கு முன்னால் பெட்டை, கடுவன் இரண்டுக்கும் புரூசெல்லா என்ற கிருமி இருக்கிறதா என்று பரிசோதனை செய்யுங்கள். நாய் புரூசெல்லா சேர்க்கையால் பரவும், சினை பிடிக்காமல் போகவும், நாற்பத்தைந்து நாளுக்கு மேல் கரு கலையவும் காரணமாகும். மனிதருக்கும் தொற்றும், குட்டி இறங்கும்போது கையால் எடுக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கடுவனின் உறுப்பை மூடிய தோலைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி உதிரும் கட்டியோ நாள்பட்ட ரத்தக் கசிவோ இருந்தால் அது சேர்க்கையில் பரவும் புற்றுநோய். நம் ஊர்த் தெருநாய்களிடம் சாதாரணமாகப் பார்க்கிறோம். வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் குணமாகும், ஆனால் குணமாகும்வரை அந்தக் கடுவனைச் சேர்க்கக் கூடாது.

டாக்டர் வீட்டுக்கு வரும்போது பெண்ணுறுப்பிலிருந்து செல்களை ஒற்றி எடுத்து (ஸ்மியர் என்பார்கள்) சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லலாம், செலவு கம்மி. செல்களில் பத்துக்கு எட்டு ஒன்பது தட்டையாக, கரு மங்கி, ஓரம் மடங்கித் தெரிந்தால் சேர்க்கைக் காலத்துக்குள் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் முட்டை வந்த நாளை அது துல்லியமாகச் சொல்லாது, அதற்கு ரத்தம்தான். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சாத்தூரிலிருந்து தூரம் அதிகம் இல்லை, சினை, பிரசவம் பார்க்கும் ஈனியல் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

சினைக்கு நிற்கவில்லை என்று யார் ஹார்மோன் ஊசி போடச் சொன்னாலும் கேட்காதீர்கள். தெருநாய் ஏறிவிட்டது, கலைத்துவிடலாம் என்று போடுகிற ஈஸ்ட்ரோஜன் ஊசியும் வேண்டாம். கருப்பையில் சீழ் கட்டவும் எலும்பு மஜ்ஜை பாதிக்கவும் அது வழிவிடும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வயதுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவும் கூடாது.

சாத்தூர் மின்னி வீடு:

மூன்று பேருக்கும் நன்றி. பொய்ச்சினை விஷயத்தை ஆச்சியிடம் படித்துக் காட்டினேன், இப்போது யாரும் மலடு என்று பேசுவதில்லை.

இரண்டு நாய்க்கும் புரூசெல்லா இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. கடுவனுக்கு ஆவணியில் குட்டி பிறந்திருக்கிறது, விந்தும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மின்னியின் புரோஜெஸ்டிரான் எட்டாம் நாள் 0.7, பதினோராம் நாள் 1.2, பதினான்காம் நாள் 2.5. இன்று பதினாறாம் நாள், சாயங்காலம்தான் ரிப்போர்ட் கிடைத்தது, 6.3 என்று இருக்கிறது. வாலை நன்றாக ஒதுக்குகிறது. ரத்தம் இன்னும் சிவப்பாகத்தான் படுகிறது. நாளைக்கே கூட்டிப்போகவா? அங்கே என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

கரிசல்காட்டுக் கன்னி, கோவில்பட்டி:

பாருங்கள், இதுதான் மின்னியின் கணக்கு. முட்டை இன்றைக்கு வெளியாகிறது. அது முதிர பதினெட்டு, பத்தொன்பதாம் நாள் ஆகும். போன தடவையும் இதே போக்கில் வந்திருந்தால், பதினோராம் நாள் போன விந்து ஒரு வாரம் உயிரோடு காத்துக் கிடந்திருக்க வேண்டும், அது ரொம்பக் கஷ்டம்.

நாளை வேண்டாம். பதினெட்டாம் நாள் ஒரு தடவை, இருபதாம் நாள் ஒரு தடவை. கடுவனை உங்கள் வீட்டுக்கு வரவழைக்க வேண்டாம், நீங்களே கழுகுமலை போங்கள். தன் இடத்தில்தான் கடுவன் தயங்காமல் வேலை பார்க்கும். வெயிலுக்கு முன், காலை ஆறு ஆறரைக்கு இருப்பது மாதிரி கிளம்புங்கள். இரண்டுக்கும் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் கொடுங்கள். டைல்ஸ் தரையோ வழவழப்பான சிமெண்டோ ஆகாது, கடுவனின் பின்னங்கால் வழுக்கினால் இரண்டு தடவை முயன்றுவிட்டு விலகிவிடும். மண் தரை நல்லது. முதலில் கயிற்றோடு இரண்டையும் முகர்ந்து விளையாட விடுங்கள். கூட்டம் கூட வேண்டாம், மின்னிக்குப் பழகிய ஒருவர், கடுவனுக்குப் பழகிய ஒருவர், அதற்குமேல் ஆள் தேவையில்லை. பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

லாக் ஆனதும் கடுவன் காலை மாற்றிப் போட்டுத் திரும்பி, இரண்டும் பின்புறம் ஒட்டி நிற்கும். அப்போது மின்னி கத்தலாம், இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கலாம். நீங்கள் முன்னால் உட்கார்ந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து, பேர் சொல்லித் தடவிக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிஷத்திலும் பிரியும், அரை மணி நேரமும் நிற்கும், சிலது அதற்கு மேலும் போகும். தானாகத்தான் பிரிய வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பிரிப்பது, குச்சியால் தட்டுவது இதெல்லாம் பாவம் தங்கச்சி, இரண்டுக்கும் உள்ளே கிழிந்துவிடும். யாராவது அப்படிக் கையை ஓங்கினால் கண்டிப்பாகத் தடுங்கள். பிரிந்த பிறகு பின்னங்காலைத் தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரம் ஒண்ணுக்குப் போகவிடாமல் வண்டியில் படுக்க வையுங்கள், போதும்.

வீட்டுக்கு வந்ததும் கதவை அடைத்து வைக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சேர்த்துவிட்டோமே, இனி என்ன என்று மொட்டை மாடியில் அவிழ்த்துவிடுவார்கள். பருவம் அடங்குகிறவரை மின்னி வேறு கடுவனுக்கும் நிற்கும், அதிலும் சினை பிடிக்கும். ஒரே ஈத்தில் இரண்டு தகப்பனுக்குக் குட்டி பிறப்பது நாய்க்கு உண்டு. இப்போது ஐப்பசி வேறு, தெருவில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற காலம். வாசலில் நாய் வந்து படுப்பது முழுக்க நிற்கும்வரை கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள்.

குட்டி எப்போது என்று இன்றைக்கே குறித்து வையுங்கள். முட்டை வெளியான நாளிலிருந்து 63 நாள், ஒரு நாள் முன்னே பின்னே. சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் 57க்கும் 72க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழும், அந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை. நாலு வாரத்தில் ஸ்கேன் பாருங்கள், குட்டியின் இதயத் துடிப்பு தெரியும். எத்தனை குட்டி என்று எண்ண, ஐம்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே. கால்சியம் டானிக் ஊற்றுகிறேன் என்று யாராவது வந்தால் சினைக் காலத்தில் வேண்டாம். முன்கூட்டிக் கொடுத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கிற பழக்கத்தை விட்டுவிடும், பால் கொடுக்கும்போது ஜன்னி வரும். கடைசி மூன்று வாரம் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முட்டை, கோழி ஈரல் என்று சேர்த்துக்கொண்டால் போதும்.

வெள்ளை நாய்க்காரன், ராஜபாளையம்:

16ஆம் நாள் முட்டை என்பதை எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். எங்களிடமும் ஒரு பெட்டை இரண்டு ஈத்தாகக் காலியாகப் போகிறது. அதற்கும் இந்தச் சோதனையைப் பார்க்கப் போகிறேன். டாக்டர், சினை பிடிக்காமல் போனால் பெட்டைக்கு ஏதாவது ஆபத்து உண்டா?

நெல்லை கால்நடை மருத்துவர்:

சினை பிடிக்காததால் மட்டும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பருவத்துக்கும் பிறகு அந்த இரண்டு மாத புரோஜெஸ்டிரான் கருப்பைச் சுவரைத் தடிக்க வைக்கிறது, வயது ஏற ஏற அதில் கிருமி தங்கிச் சீழ் பிடிக்க வாய்ப்பு கூடும். பருவம் முடிந்து நாலு முதல் எட்டு வாரத்துக்குள் பெட்டை ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி ஒண்ணுக்குப் போய், தீனி எடுக்காமல், வாந்தியோடு சோர்ந்து படுத்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கெட்ட வாடையோடு சீழ் கசிந்தால் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் கசிவே இருக்காது, வயிறு மட்டும் உப்பும், சினை என்று நினைத்து வீட்டில் வைத்திருப்பார்கள், அதுதான் உயிருக்கு ஆபத்து. உங்கள் பெட்டைக்கு இரண்டு ஈத்து தவறியிருப்பதால் புரோஜெஸ்டிரானோடு கருப்பையையும் ஒரு தடவை ஸ்கேன் பார்த்துவிட்டுப் பிறகு சேருங்கள். குட்டி எடுக்கும் எண்ணமே இல்லாத பெட்டைகளுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் இந்தப் பயமே இல்லை.

மின்னி வீட்டுக்காரம்மா, பிரசவ வாரத்தில் காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101 ஃபாரன்ஹீட் பக்கம் இருப்பது 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி தொடங்கும். பலமாக முக்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை என்றாலோ, முதல் குட்டிக்கு முன்னால் பச்சை நிறத் திரவம் வந்தாலோ காத்திருக்காமல் வண்டியை எடுங்கள்.